பூசைக்கு நிறுத்திய சர்வர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒற்று எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. என் மகள் ஒரு தடவை பார்த்துத் திருத்தினாள். அதற்குப் பிறகும் தப்பு இருந்தால் அது என்னுடையது.

கப்பலூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்யும் சின்ன கம்பெனியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வண்டியூரிலிருந்து ரிங் ரோடு வழியாக மொபெட்டில் போய்வருவேன். என்ன வேலை என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. ஆபீஸைத் திறப்பேன், கூட்டுவேன், தண்ணீர் கேன் மாற்றுவேன். கேட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நின்று, வெளியே போகும் லாரியின் கேட் பாஸில் முத்திரை குத்துவேன். இதோடு கம்ப்யூட்டர் அறைச் சாவியும் என்னிடம் இருந்தது.

அந்த அறையில் இரும்பு மேசை மேல் ஒரு திரையும் கீபோர்டும், அதற்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டியும் உண்டு. அதைத்தான் சர்வர் என்பார்கள். ஆபீஸில் இருக்கும் நான்கு கம்ப்யூட்டர்களும் எதற்கும் அந்தப் பெட்டியைத்தான் கேட்க வேண்டும். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு பக்கம் வரும். அதில் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால்தான் உள்ளே விடும். கேட் பாஸ், சரக்கு நம்பர், ஆள் வருகை எல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

இதை அமைத்துத் தந்த தம்பி உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். பிறகு கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். பாதுகாப்புக்காகப் பெட்டியை இன்டர்நெட்டில் சேர்க்காமல் வைத்திருந்ததால், அங்கிருந்தபடி அவனால் அதைத் தொட முடியாது. ஏதாவது கோளாறு என்றால் எனக்குப் போன் போடுவான். நான்தான் அவனுக்குக் கை. எனக்கு ஆங்கில வார்த்தை படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தைத் தனித்தனியாகத் தெரியும். அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவான், நான் ஒவ்வொன்றாகத் தேடி அடிப்பேன். ஸ்லாஷ் என்றால் சாய்ந்த கோடு. ஸ்பேஸ் என்றால் நீளக் கட்டை. இப்படியே ஆறேழு வருடம் ஓட்டிவிட்டோம்.

கோயம்புத்தூர் போகும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனான். “எதை வேணாலும் நிப்பாட்டுங்கண்ணே. இந்தப் பொட்டியை மட்டும் என்னைக் கேக்காம நிப்பாட்டாதீங்க.”

அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஆயுத பூசையன்று மத்தியானம் பட்டறை முழுக்கக் கழுவி, பிரஸ் மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். மேனேஜர் தட்டோடு நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “தீபாராதனை காட்டுறப்ப ஒரு மோட்டார் சத்தம் கேக்கக் கூடாது. அம்புட்டையும் நிப்பாட்டுங்கப்பா.” மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கம்ப்ரெஸரும் நின்றது. அந்த அமைதியில், பூட்டியிருந்த அறைக்குள்ளிருந்து பெட்டியின் விசிறிச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

மற்ற வருடங்களில் அந்த அறையின் கதவுக்கு ஒரு பொட்டு வைப்பதோடு சரி. அன்றைக்கு எனக்கு என்னவோ போல இருந்தது. வருடம் முழுக்க ஓய்வே இல்லாமல் ஓடுவது அது ஒன்றுதான். அதற்கு மட்டும் பூசையில்லை, ஓய்வில்லை. சாவியைப் போட்டு உள்ளே போனேன். பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கினேன். முன்பக்கம் மூன்று பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூவும் கொஞ்சம் பொரியும் வைத்துவிட்டுப் பூட்டினேன். பூசையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி கழியும் வரை தொடக் கூடாது. நானும் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து, வேலை தொடங்கும் நாள் காலை எட்டு மணிக்கே போய்ப் பெட்டியைப் போட்டேன். தம்பி சொல்லித் திருப்பிப் போடும்போது வரும் எழுத்துகள் வரவில்லை. கறுப்புத் திரையில் நான்கு வரி ஆங்கிலத்தில் வந்து அப்படியே நின்றது. கடைசி வரியில் F1 என்று இருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. விசைகளின் மேல் வரிசையில் அதே எழுத்தைத் தேடி அழுத்தினேன். பெட்டி ஓட ஆரம்பித்தது. பச்சை விளக்கும் வந்தது. பொரியைத் துடைத்துவிட்டு, யாரும் வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

கேட் பாஸ் போடும் பெண் ஒன்பதேகால் மணிக்கு வந்தாள். மேலூருக்கு அந்தப் பக்கத்து ஊர். முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருவாள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். பூசைக்கு முந்தின நாள் அவளுக்கும் மேனேஜருக்கும் ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மூன்று நாள் லீவு கேட்டாள். முடியாது என்றார். அப்போது அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். “நான் வரலைனா கம்பெனி நின்னுறாது சார். நின்னுச்சுன்னா அப்பப் பேசுங்க.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அன்று காலை அவள் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். பக்கம் ஒரு தரம் மின்னிவிட்டு, திரும்பவும் பெயர் கேட்கும் பக்கத்துக்கே வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி அதேதான். வேறு கம்ப்யூட்டரில் வேறு ஆள் அடித்தார். அங்கேயும் அப்படித்தான். கேட்டில் சரக்கு ஏற்றின லாரி நின்றது. நம்பர் போட்ட கேட் பாஸ் இல்லாமல் சரக்கு வாங்குகிற இடத்தில் இறக்க மாட்டார்கள்.

மேனேஜர் தன் பாஸ்வேர்டை மூன்று முறை அடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஏம்மா, நின்னுச்சுன்னா பேசுங்கன்னு சொன்னேல்ல. நின்னுருச்சு. இப்பப் பேசவா?”

“சார், நான் இப்பத்தான் உள்ளயே வாரேன்.”

“அம்புட்டுப் பேர் பாஸ்வேர்டும் உன் நோட்டுலதான இருக்கு?”

அது உண்மை. யாருக்காவது மறந்துபோனால் அவளிடம்தான் கேட்பார்கள். மேனேஜரே கேட்பார்.

“நோட்டுல இருந்தா மாத்திருவேனா சார்? மாத்தத் தெரிஞ்சா நான் ஏன் இங்க ரெண்டு பஸ்ஸு ஏறி வாரேன்?”

மேனேஜர் அவளிடம் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று சொல்லி, தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார். போனையும் மேசை மேல் வைக்கச் சொன்னார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் துடைப்பத்தோடு கதவோரம் நின்றிருந்தேன். என்னால்தானோ என்று அப்போதே தோன்றியது. ஆனால் பெட்டி ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, பக்கமும் வருகிறது. நிறுத்திப் போட்டதற்கும் பாஸ்வேர்டு போகாததற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்கு இப்படி ஒரு சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கும்.

மேனேஜர் தகவல் சொல்லி, பத்து மணிக்குக் கோயம்புத்தூர்த் தம்பி எனக்குப் போன் போட்டான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் கேள்வியே அதுதான்.

“அண்ணே, பொட்டியை நிப்பாட்டுனீங்களா?”

“இல்ல தம்பி.”

யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“கரண்டு போச்சா?”

“யூ.பி.எஸ் இருக்குல்ல தம்பி.”

“சரி. அப்ப அது இல்ல. வேற பாப்போம்.”

பெட்டி நிற்கவில்லை என்று நம்பிக்கொண்டு அவன் வேறு வழியெல்லாம் தேட ஆரம்பித்தான். முதலில் உள்ளே இடம் நிறைந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னான். நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு எண் வந்தது, படித்தேன். நிறையவில்லை. பக்கத்தை அனுப்புகிற புரோகிராமை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னான். போட்டேன். பலனில்லை. யாரை உள்ளே விடுவது என்ற விதியை எழுதி வைத்திருக்கும் ஃபைலைத் திறக்கச் சொன்னான். ஒவ்வொரு வரியையும் எழுத்து எழுத்தாகப் படித்தேன். மூன்று வரிதான், அதற்கே கால் மணி நேரம் ஆனது. வியர்வையில் விரல் வழுக்கியது.

“எழுத்தெல்லாம் நான் வெச்ச மாதிரியேதான் இருக்கு. அந்த லாகின் பக்கத்துல சரியா என்ன ஆகுதுண்ணே? நீங்க பாத்தீங்கள்ல?”

“அடிச்சா மின்னிட்டு அதே பக்கம் வருது தம்பி. சிவப்பு எழுத்து வரல.”

பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் அதை அடிக்கும் கட்டத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி வரும். தங்கச்சி அவசரத்தில் தப்பாக அடிக்கும்போது நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வரி யாருக்கும் வரவில்லை.

அவன் திரும்பக் கேட்டான். “சிவப்பு வரலையா? அப்ப பாஸ்வேர்ட யாரும் மாத்தலண்ணே. மாத்தியிருந்தா சிவப்பு வரணும். சரின்னு ஒத்துக்கிட்டு உள்ள விடுது. விட்ட பெறகு யாரோ வெளிய தள்ளுற மாதிரி இருக்கு.”

அப்போது மணி பத்தரை. தங்கச்சி எதுவும் செய்யவில்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி மேனேஜருக்குப் போன் போட்டு இதைச் சொல்லியிருக்கிறான். அவர் காதில் வாங்கவில்லை. “சிவப்பாவது பச்சையாவது. அவதான் என்னமோ பண்ணி வெச்சிருக்கா. நீ கண்டுபிடிக்கலைனா கண்டுபிடிக்கிற ஆளுக இருக்காக. மூணு மணிக்குள்ள சரியாகலைனா நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன்.” ஆபீஸ் முழுக்கக் கேட்டது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். தங்கச்சி பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை கால் ஓடாது. அன்றைக்கு அது எனக்காகச் சொன்ன சொல் இல்லை. அதுதான் என்னை இன்னும் நடுங்க வைத்தது. நான் வாய் மூடி நின்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியவும் தெரியாது. அந்த நினைப்பு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது.

சொல்லலாம் என்று இரண்டு முறை அறையிலிருந்து வெளியே வந்தேன். முதல் முறை மேனேஜர் என்னைப் பார்த்து, “என்னய்யா, ஆச்சா?” என்றார். “பாத்துக்கிட்டிருக்கோம் சார்” என்று உள்ளே போய்விட்டேன். இரண்டாவது முறை தண்ணீர் குடிக்கப் போவது போலத் தங்கச்சி பக்கத்தில் போனேன். அவள் மெல்லக் கேட்டாள். “அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்ல முடியுமா? போலீசுன்னு சொல்லிராதீங்க. வர நேரமாகும்னு மட்டும் சொல்லுங்க. சின்னவளை அவரு கூட்டிட்டு வரணும்.”

சரி என்று தலையாட்டினேன். கேட்டுக்கு வெளியே போய்ப் போன் செய்து அப்படியே சொன்னேன். அந்த ஆள், “சரிண்ணே, சரிண்ணே. வேலை சாஸ்தியா?” என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

ஒரு மணிக்குத் தம்பி சாப்பிடப் போய்விட்டுத் திரும்பப் போனில் வந்தான். டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை. அவன் சலித்துப்போயிருந்தான். “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நீங்க என் பேரைப் போட்டாலும் வெளிய தள்ளுது. என் பாஸ்வேர்டு இன்னைக்கு உங்ககிட்டச் சொல்ற வரைக்கும் ஒரு பயலுக்கும் தெரியாது. எனக்கு ஒண்ணும் வெளங்கலண்ணே. நாளைக்குக் காலையில கெளம்பி நேர்ல வாரேன்.”

நாளைக்கு என்றால் மூன்று மணி தாண்டிவிடும். சுவரில் கடிகாரம் இரண்டே கால் காட்டியது.

“தம்பி.”

“சொல்லுங்கண்ணே.”

மறுமுனையில் ஒரு பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டு அடங்கியது.

“நிப்பாட்டுனேன் தம்பி.”

“என்னத்த?”

“பொட்டிய. பூசைக்கு. பிளக்கைப் பிடுங்கிட்டேன். ரெண்டு நாள் சும்மாதான் கெடந்துச்சு.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் திட்டவில்லை. “போடும்போது ஏதாச்சும் எழுத்து வந்து நின்னுச்சா?” என்று மட்டும் கேட்டான்.

“நாலு வரி வந்துச்சு. F1 அழுத்துனேன்.”

“அய்யய்ய. அண்ணே, காலையிலயே சொல்லியிருந்தா பத்தே காலுக்கு முடிஞ்சிருக்கும். சரி, இதை அடிங்க. டி, ஏ, டி, ஈ. எண்டர்.”

அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது. எண் எனக்கு நன்றாகவே படிக்க வரும். வருடம் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு, சைபர், ஒண்ணு, சைபர் என்று இருந்தது. சத்தமாகப் படித்தேன். அவன் சிரித்தான். சிரிப்பை விடப் பெருமூச்சு அதிகம்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். பெட்டிக்குள் ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்ட பேட்டரி ஒன்று உண்டு. பிளக் இல்லாதபோது தேதியை நினைவு வைத்திருப்பது அதுதான். அது எப்போதோ செத்துவிட்டது. பெட்டி நிற்காமல் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. நான் பிளக்கைப் பிடுங்கியதும் தேதி மறந்து, ரெண்டாயிரத்துப் பத்துக்குப் போய்விட்டது. “நீங்க கேட்ல முத்திரை குத்துறீங்கள்ல? அந்த மாதிரி பாஸ்வேர்டு சரியா இருந்தா பொட்டி ஒரு சீட்டுக் குடுக்கும். இத்தனை மணி வரைக்கும் செல்லும்னு தேதி போட்டுக் குடுக்கும். இப்ப பழைய தேதி போட்டுக் குடுக்குது. வாங்குற கம்ப்யூட்டரு, இது எந்தக் காலத்துச் சீட்டுன்னு கிழிச்சுப் போடுது. சீட்டு இல்லாதவன் திரும்ப வாசலுக்குத்தான வரணும்? அந்தப் பேட்டரியைப் பாக்காம விட்டது என் தப்புண்ணே.”

இன்றைய தேதியை அடிக்கச் சொன்னான். கோடு, புள்ளி எல்லாம் சொல்லிச் சொல்லி அடிக்க வைத்தான். இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. புரோகிராமைத் திரும்பப் போட்டேன். வெளியே யாரோ ஒருவர், “போயிருச்சு சார், உள்ள போயிருச்சு” என்று சொல்வது கேட்டது.

நெஞ்சு லேசானது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மூன்று மணி ஆகப்போகும் நேரத்தில் வெளியே வந்தபோது மேனேஜர் தங்கச்சி முன்னால் நின்றிருந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, திருப்தி இருந்தது. “பாத்தியா, போலீசுன்னதும் வழிக்கு வந்துருச்சு. போனை வாங்கி வெச்சும் யார் மூலமாச்சும் சொல்லி, பண்ணுனதை எடுக்க வெச்சிருக்க. என்ன பண்ணுனேன்னு எழுதிக் குடுத்துட்டு, கணக்கை முடிச்சுட்டுப் போ. இல்லைனா எழுதுறது நானாத்தான் இருக்கும்.”

சரியானதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. என் கல்யாணத்தில்கூட நான் பேசியது நான்கு வார்த்தை இருக்காது. கையில் என்னவோ கனமாக இருக்கிறதே என்று பார்த்தேன், அறைச் சாவி.

“சார், அது நான்.”

“எது?”

“பூசைக்கு நான்தான் சார் பொட்டியை நிப்பாட்டுனேன். அதுல தேதி மாறிப்போச்சு. அதான் உள்ள விடல. தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது.”

“யார் உன்னைய நிப்பாட்டச் சொன்னது?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதில் தங்கச்சியிடமிருந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, உட்கார்ந்தபடியே சொன்னாள். “நீங்கதான சார் சொன்னீங்க, அம்புட்டையும் நிப்பாட்டுங்கன்னு. நானும்தான் தட்டு பிடிச்சு நின்னேன்.”

பின்னால் யாரோ இருமினார்கள். மேனேஜர் தம்பிக்குப் போன் போட்டு என் கண் முன்னாலேயே விசாரித்தார். பேசி முடித்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு அவளிடம், “லாரி நிக்குது. போய்ப் பாஸைப் போடு” என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். “நாளையிலருந்து கேட்டோட நின்னுக்க” என்றார். வேலை போகவில்லை. போய்விடும் என்று நான் எண்ணியிருந்ததால், அது எனக்குத் தண்டனையாகவே தோன்றவில்லை.

லாரி போனது. பாஸில் நான்தான் முத்திரை குத்தினேன். சாயங்காலம் தங்கச்சி பஸ்ஸுக்குப் போகக் கேட்டைத் தாண்டும்போது நின்றாள். நன்றி சொல்வாளோ என்று கூச்சத்தோடு நின்றேன்.

“அண்ணே, நான் இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல வாய் வந்தது. இந்த முறை அடக்கிக்கொண்டேன். “பத்தரைக்கே தெரியும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். விரலால் ஏதோ எண்ணுவது போலிருந்தது. பத்தரையிலிருந்து மூன்று. “சரிண்ணே, பஸ்ஸு வந்துரும். வாரேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அவளுக்கு லீவு கிடைத்தது. போய்விட்டுத் திரும்பியும் வந்தாள். இன்றும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். வீட்டில் பணியாரம் செய்தால் எனக்கும் இரண்டு எடுத்து வருகிறாள். ஆபீஸில் இதைப் பேசுகிறவர்கள், கடைசியில் நான் உண்மையைச் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு மட்டும் தெரியும், அந்த நாலரை மணி நேரம் நான் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று. அவளிடம் அதற்காக மன்னிப்புக் கேட்க இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுக்கப் போகிறேன்.

ஐப்பசி இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை.